'தி வயர்': எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாரும் தி வயர், தி வயர்னு சொல்றாங்களே, அதை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? நாலாவது சீசன்தான் உச்சமாமே, நேரா அங்கே போயிடலாமா?" வேலை, பிள்ளைகள் என்று எல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம்தான் அவருக்கு மிஞ்சும். அதை எதில் செலவழிப்பது என்பது நியாயமான கேள்விதான். அதே பெயரில் நம் நாட்டில் ஒரு செய்தித்தளம் இருப்பதால் தேடும்போது அதுவும் குறுக்கே வந்து நிற்கும். நான் சொல்வது 2002 முதல் 2008 வரை எச்பிஓ தொலைக்காட்சியில் வந்த அமெரிக்கத் தொடரை. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரம், ஐந்து சீசன், 60 எபிசோட்.

கேள்வி தி வயரோடு முடிவதும் இல்லை. அதை உருவாக்கிய டேவிட் சைமன், 1995 வரை 'பால்டிமோர் சன்' நாளிதழில் போலீஸ் செய்தியாளராக இருந்தவர். 1988இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்நகரக் கொலைப் பிரிவுத் துப்பறிவாளர்களுடன் ஓராண்டு சுற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் 'ஹோமிசைடு: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்'. பிறகு முன்னாள் போலீஸ்காரர் எட் பர்ன்ஸுடன் சேர்ந்து, போதைப்பொருள் விற்கும் ஒரே ஒரு தெருமுனையைப் பற்றி இன்னொரு புத்தகம். அது 'த கார்னர்' என்ற குறுந்தொடர் ஆனது. அதன் பிறகு தி வயர். கடைசியாக 2022இல் 'வீ ஓன் திஸ் சிட்டி'. நான்கும் ஒரே ஊர், ஒரே நோய். ஆக, நண்பருக்கு முன்னால் ஐந்து வழிகள்: தி வயரை முதலிலிருந்து பார்ப்பது, நான்காவது சீசனில் குதிப்பது, ஹோமிசைடில் தொடங்குவது, அல்லது இரண்டு குறுந்தொடர்களில் ஒன்றை ருசி பார்ப்பது.

முதலில் அந்த நான்காவது சீசன் ஆசையைப் பேசிவிடலாம். ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். முதல் சீசனை மூன்று எபிசோடோடு கைவிட்டு, அதுவும் அரைத் தூக்கத்தில் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து விமர்சகர்கள் பேச்சைக் கேட்டு நேராக நான்காவதுக்குப் போனேன். விமர்சகர்கள் சொன்னது பொய்யில்லை. நகரத்து நடுநிலைப் பள்ளி ஒன்று, எட்டாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர், அவர்களைத் தெரு எப்படி ஒவ்வொருவராக இழுத்துக்கொள்கிறது என்பதுதான் கதை. தொடக்கக் காட்சியே அசத்தல். ஸ்னூப் என்ற இளம்பெண் வன்பொருள் கடையில் ஆணி அடிக்கும் துப்பாக்கி வாங்குகிறாள். விற்பனையாளர் உற்சாகமாக அதன் பெருமைகளை விளக்குகிறார். அவள் எதற்கு வாங்குகிறாள் என்று நமக்குப் பிறகுதான் தெரியும். எட் பர்ன்ஸ் இருபது ஆண்டு பால்டிமோர் போலீஸில் இருந்துவிட்டு ஏழு ஆண்டு அதே ஊரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர் என்பதால், அந்த வகுப்பறைகளில் ஒரு நாற்காலி கூடப் பொய்யாக இல்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வருகிற பிரெஸ்பிலூஸ்கி யார்? நான்காவதில் தொடங்கியவனுக்கு அவர் தடுமாறுகிற, நல்ல மனசுள்ள ஒரு வாத்தியார், அவ்வளவுதான். முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் அதே ஆள் போலீஸ்காரர். நடுராத்திரியில் குடித்துவிட்டு, அரசுக் குடியிருப்பு கோபுரங்களுக்குப் போய், பதினான்கு வயதுப் பையனைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து ஒரு கண்ணைப் போக்கியவர். மாமனார் போலீஸ் அதிகாரி என்பதால் வேலை தப்பியது. ஒளித்து வைக்கத்தான் அவரை ஒரு மேசையில் உட்கார வைக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் அவர் போதை விற்பவர்களின் பேஜர் சங்கேதத்தை உடைக்கிறார். தொலைபேசிப் பொத்தான்களில் நடுவிலுள்ள 5ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் குதிக்க வேண்டும்: ஒன்றுக்கு ஒன்பது, இரண்டுக்கு எட்டு. ஐந்துக்கும் சைபருக்கும் இடம் மாற்றம். கணக்கு சரியாக வராத பையன்களும் விரல் பழக்கத்தில் போட்டுவிடுகிற அளவுக்கு எளிய சங்கேதம். மூன்று சீசன் கழித்து அவர் வகுப்பறையில் பகடையை வைத்து நிகழ்தகவு சொல்லிக் கொடுக்கும்போது, அந்தக் கண்ணும் அந்த மேசையும் நமக்கு நினைவில் இருந்தாக வேண்டும். எனக்கு இல்லை. அழகான காட்சி என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. முதல் சீசன் மூன்றாவது எபிசோடில் இரண்டு பையன்கள் சதுரங்கக் காய்களை வைத்துச் செக்கர்ஸ் விளையாடுகிறார்கள். டிஆஞ்சலோ என்பவன் அவர்களுக்கு உண்மையான ஆட்டத்தைச் சொல்லித் தருகிறான். ராஜா ராஜாவாகவே இருப்பான், சிப்பாய்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்கிறான். போடி என்ற பையன், கெட்டிக்காரச் சிப்பாயாக இருந்தால் தப்பலாமே என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறான். நான்காவது சீசனின் கடைசியில் அதே போடி ஒரு பூங்காவில் போலீஸ்காரர் மக்னல்டியுடன் உட்கார்ந்து சதுரங்கப் பலகையின் அந்தக் குட்டிக் காய்களைப் பற்றிப் பேசுவான். ஒரே ஒரு வாக்கியம்தான். நான்காவதிலிருந்து தொடங்கியபோது, தூக்கத்தில் பார்த்த அந்தச் சதுரங்கம் எனக்கு நினைவே வரவில்லை. முதலிலிருந்து முழுதாகப் பார்த்து அந்த இடத்துக்கு வந்த ராத்திரி, பார்ப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

அதனால் நான்காவதில் குதிப்பதை வேண்டாம் என்றே சொல்வேன். விமர்சகர்கள் உச்சம் என்கிறார்கள் என்றால், மற்ற மூன்றையும் ஏறி வந்தவர்கள் சொல்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

சரி, முதலிலிருந்து தொடங்கினால் என்ன சிக்கல்? மெதுவாகப் போகும் என்பதைச் சொல்லாமல் விட்டால் மோசடி. தலைப்பில் உள்ள அந்த 'வயர்', அதாவது போலீஸின் தொலைபேசி ஒட்டுக்கேட்பே, கிட்டத்தட்ட பாதி சீசன் ஓடிய பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை நீதிபதியிடம் அனுமதி வாங்குவது, வேறு வழிகளை முயன்று பார்த்துவிட்டோம் என்று காட்டுவது, பொதுத் தொலைபேசியைக் கூரைமேல் உட்கார்ந்து கண்காணிப்பது. சந்தேக நபர்தான் பேசுகிறார் என்று கண்ணால் பார்த்தால்தான் கேட்கலாம் என்ற விதி இருப்பதால் அந்தக் கூரை வேலை. சீசன் முடிவில் வரும் தொகுப்புக் காட்சி போன்ற ஓரிரு இடங்களைத் தவிர பின்னணி இசை கிடையாது. காருக்குள் ஓடும் வானொலி, கடையில் ஒலிக்கும் பாட்டு என்று அந்த இடத்தில் உண்மையில் கேட்பது மட்டும்தான் நமக்கும் கேட்கும். பிஜிஎம் வந்து 'இப்போது அழு, இப்போது பயப்படு' என்று சொல்லிப் பழகிய நமக்கு முதல் சில ராத்திரிகள் காது வெறிச்சென்று இருக்கும்.

கதைக்கு நடுவே பழைய காட்சியைக் காட்டி நினைவூட்டுவதும் இல்லை. முதல் எபிசோடின் முடிவில் மட்டும், செத்துக் கிடக்கிற ஆள் யார் என்று காட்ட ஒரு நொடி பழைய காட்சி வரும். பார்வையாளர்களுக்குப் புரியாது என்று தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியதால் வைத்தது. அதற்குப் பிறகு மீதி 59 எபிசோடிலும் அப்படி ஒன்று இல்லை. ஆளை நீங்களேதான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சீசனில் தேநீர் கொண்டுவந்து வைத்தவன் அடுத்த சீசனில் யாரையாவது சுட்டுவிடுவான் என்கிற மாதிரியான தொடர் இது.

அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? ஒரு நகரம் இயங்குகிற விதம். முதல் சீசன் போதை விற்பனையும் அதைத் துரத்தும் போலீஸும். இரண்டாவது துறைமுகத் தொழிலாளர் சங்கம். மூன்றாவது மாநகர அரசியல். நான்காவது பள்ளி. ஐந்தாவது நாளிதழ். ஒவ்வொரு இடத்திலும் மேலே உள்ளவருக்குப் புள்ளிவிவரம் நன்றாகத் தெரிய வேண்டும். அதற்காகக் கீழே உள்ளவர் வேலையைக் கெடுக்கிறார். போலீஸில் கைது எண்ணிக்கை, பள்ளியில் தேர்வு மதிப்பெண். ரகசியமாகச் செய்யப்படுவதே இல்லை, கூட்டம் போட்டே செய்கிறார்கள்.

இரண்டாவது சீசனைப் பற்றி ரசிகர்களுக்குள் பழைய சண்டை ஒன்று உண்டு. வந்த காலத்தில் பலருக்கு எரிச்சல். முதல் சீசனில் பழகிய தெருப் பையன்களை ஓரம் கட்டிவிட்டு, வேலை குறைந்துபோன துறைமுகத்து வெள்ளைக்காரத் தொழிலாளர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் கோபம் வராதா? இன்று அதே ரசிகர்களில் பலர் அதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஒரு கண்டெய்னருக்குள் இறந்து கிடக்கும் பெண்களிலிருந்து அந்த சீசனின் பெரிய வழக்கு கிளம்புகிறது. ஆனால் போலீஸ் அந்தச் சங்கத் தலைவரைக் குறிவைப்பதற்கு முதல் காரணம் அதுவல்ல, தேவாலயத்துக்கு யார் வண்ணக் கண்ணாடி ஜன்னல் காணிக்கை கொடுப்பது என்ற போட்டி! ஒரு போலீஸ் அதிகாரிக்குத் தன் ஜன்னலை வைக்க ஆசை, சங்கத் தலைவர் முந்திக்கொண்டார். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கும் தகராறைப் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

விருது விஷயத்தில் ஒரு வேடிக்கை. இந்தத் தொடருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மிக்குக் கிடைத்த பரிந்துரை மொத்தமே இரண்டு, இரண்டும் எழுத்துக்கு. வென்றது பூஜ்யம். நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. இத்தனைக்கும் மக்னல்டியாக வரும் டொமினிக் வெஸ்டும் போதைக் கும்பலின் இரண்டாம் தலைவன் ஸ்ட்ரிங்கர் பெல்லாக வரும் இட்ரிஸ் எல்பாவும் இங்கிலாந்துக்காரர்கள் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பார்த்தவர்கள் எண்ணிக்கையும் அப்போது குறைவு. ஆனால் 2021இல் பிபிசி கல்ச்சர் 43 நாடுகளைச் சேர்ந்த 206 பேரிடம் கேட்டு இந்த நூற்றாண்டின் சிறந்த தொடர்களை வரிசைப்படுத்தியபோது முதல் இடம் தி வயருக்கு. பராக் ஒபாமா தனக்குப் பிடித்த தொடர் இதுதான் என்றார், பிடித்த பாத்திரம் ஓமர் என்றார். ஓமர், போதை வியாபாரிகளிடமே கொள்ளையடிப்பவன். வாயில் ஒரு குழந்தைப் பாட்டைச் சீழ்க்கை அடித்தபடி, நீளக் கோட்டுக்குள் துப்பாக்கியுடன் தெருவில் நடந்து வருவான். சிறுவர்கள் "ஓமர் வர்றான்" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். நம் மொழியில் சொன்னால் அது மாஸ் என்ட்ரி, வேறு பெயரே கிடையாது. ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் 2021இல் இறந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் நினைத்துக்கொண்டது அந்தச் சீழ்க்கையைத்தான். விமர்சகர்கள் நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், ரசிகர்கள் ஓமரைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே தொடரைப் பார்த்தவர்கள்தான்.

இனி ஹோமிசைடு. 1993 முதல் 1999 வரை என்பிசியில் வந்தது. ஏழு சீசன், 122 எபிசோட், மொத்தமாகப் பார்த்தால் 90 மணி நேரத்துக்கு மேல். இதில் சைமனின் புத்தகம்தான் மூலம் என்றாலும் தொடரை உருவாக்கியவர் பால் அட்டனாசியோ, பின்னால் நின்றவர்கள் பாரி லெவின்சனும் டாம் ஃபோன்டானாவும். விளம்பர இடைவேளைக்கு ஏற்ப வெட்டிய, பெரும்பாலும் அன்றன்றைக்கு வழக்கு முடிகிற தொடர். ராத்திரி ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு அது ஒரு வசதிதான், இரண்டு வாரம் விட்டுப்போனாலும் கதை கோபித்துக்கொள்ளாது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, துப்பறிவாளர் பெயருக்குக் கீழே கொலையுண்டவர் பெயர். வழக்கு முடியாவிட்டால் சிவப்பு மை, முடிந்தால் கருப்பு. அந்தச் சிவப்பைக் கருப்பாக்குகிற வெறி பின்னாளில் தி வயரில் எவ்வளவு பெரிய நோயாக வளர்ந்தது என்பதற்கான விதை இங்கே கிடக்கிறது.

முழுவதும் பார்க்க யாரையும் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் இரண்டு சீசன் சேர்த்து 13 எபிசோட்தான். அதில் ஒன்றில், சிறுமி கொலை வழக்கில் சந்தேகப்படும் முதியவரை இரண்டு துப்பறிவாளர்கள் சின்ன அறைக்குள் வைத்து விசாரிக்கிறார்கள். கிட்டத்தட்ட எபிசோட் முழுக்க அந்த அறைதான், மூன்று பேர்தான். முடிவில் யார் யாரை உடைத்தார்கள் என்றே தெரியாது. வழக்கும் தீராது. சைமன் உடன் சுற்றிய உண்மை வழக்கும் தீரவில்லை. அந்த இரண்டு துப்பறிவாளர்களில் ஒருவரான, ஆண்ட்ரே பிராவர் நடித்த பெம்பிள்டனைப் பார்க்க அந்த ஒன்றே போதும்.

த கார்னர் வேறு ரகம். 2000ஆம் ஆண்டு, ஆறே எபிசோட். மேற்கு பால்டிமோரில் ஃபயெட் தெருவும் மன்ரோ தெருவும் சந்திக்கும் முனை, அங்கே ஒரு குடும்பம்: போதைக்கு அடிமையான அப்பா, அம்மா, விற்கத் தொடங்கிவிட்ட மகன். போலீஸ் கிட்டத்தட்ட ஓரத்தில் வந்து போகிற வானிலை மாதிரி. இயக்குநர் சார்லஸ் எஸ். டட்டன் அதே ஊர்க்காரர், இளமையில் சிறையில் இருந்தவர். எம்மி விருதுகளை அள்ளியது இதுதான்: சிறந்த குறுந்தொடர், இயக்கம், எழுத்து மூன்றும். கடைசி எபிசோடில் அந்தப் பாத்திரங்களின் உண்மை மனிதர்களே திரையில் வந்து உட்காருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உடனே வேறு எதையும் பார்க்க முடியாது.

குறைந்த நேரம் உள்ளவர் இதில் தொடங்கலாமே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அதுதான் சரி என்று பட்டது. இப்போது இல்லை. இதில் சிரிப்பு கிடையாது. தி வயரில் மனிதர்கள் ஓயாமல் கிண்டல் அடிக்கிறார்கள். செத்த உடலுக்கு மேலே நின்றும் அடிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் 60 மணி நேரத்தைத் தாங்க வைக்கிறது. த கார்னர் ஆறு மணி நேரமும் நெஞ்சில் கல். தி வயர் முடித்த பிறகு பார்த்தால் வேறொரு லாபமும் உண்டு. அங்கே பொறுமைசாலித் துப்பறிவாளராக வந்த கிளார்க் பீட்டர்ஸ், நிமிர்ந்த நடையுடன் அதிகாரியாக வந்த லான்ஸ் ரெட்டிக் இருவரும் இங்கே போதை அடிமைகள். பார்க்கிற ஒவ்வொரு முறையும் மனசு ஒரு கணம் தடுக்கி விழும்.

வீ ஓன் திஸ் சிட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022, ஆறு எபிசோட், முற்றிலும் நடந்த கதை. துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய அமைக்கப்பட்ட பால்டிமோர் சிறப்புப் பிரிவே கொள்ளைக் கும்பலாகி, 2017இல் கூட்டமாகக் கைதானது. தலைவனாக ஜான் பெர்ந்தால், அபாரம். ஆனால் கதை முன்னும் பின்னுமாகத் தாவும், தேதிகளைக் கவனிக்காவிட்டால் தொலைந்துபோவீர்கள். அதன் கோபமே 'இருபது வருடம் முன்பு சொன்னோமே' என்கிற கோபம். முன்பு என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் அதை வாங்கிக்கொள்ள முடியாது. தி வயரில் மார்லோ என்ற ஈவிரக்கமற்ற போதைத் தலைவனாக வந்த ஜேமி ஹெக்டர், இதில் கொலைப் பிரிவுத் துப்பறிவாளர். அந்த ஒரு தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: தி வயர், முதல் சீசன், முதல் எபிசோட், ராத்திரிக்கு ஒன்று. இரண்டு வாரத்தில் 13 எபிசோட் முடிந்துவிடும். ஆறாவது வரை பொறுக்க வேண்டும். அதற்குள் பிடிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் விட்டுவிட்டு ஹோமிசைடின் அந்த 13க்குப் போகலாம்.

அவர் இன்னும் இரண்டு சந்தேகம் வைத்திருந்தார். ஒன்று, படத்தின் அகலம்: தொடர் எடுக்கப்பட்டது பழைய தொலைக்காட்சியின் நாலுக்கு மூன்று அளவில். 2014இல் அகலத்திரைக்கு மாற்றி மெருகேற்றினார்கள். சில காட்சிகள் அதில் லாபம் அடைந்தன, சில இழந்தன என்று சைமனே எழுதினார். துறைமுகம் அகலத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய டிவிடி கையில் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் கிடைத்ததில் பாருங்கள். இதற்காக ஒரு மாதம் தேடி அலைவது வீண். சப்டைட்டில் விஷயத்தில் தயங்கவே வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்கள். தெருப் பேச்சை யாரும் விளக்க மாட்டார்கள். 'ரீ-அப்' என்றால் தீர்ந்த சரக்கு மறுபடி வருவது, 'ஹாப்பர்' என்றால் முனையில் வேலை பார்க்கும் பொடியன். இது போதும், மீதி தானாக ஏறும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. முதல் சீசன் நான்காவது எபிசோடில் இரண்டு துப்பறிவாளர்கள் ஒரு சமையலறையில் பழைய கொலையை மறுபடி அளந்து பார்க்கும் காட்சி வரும். ஐந்து நிமிடம் போல ஒரே ஒரு கெட்ட வார்த்தையையும் அதன் உறவுக்காரர்களையும் மட்டுமே பேசுவார்கள், ஆனால் குண்டு எந்தத் திசையில் வந்தது என்பது வரை நமக்குப் புரிந்துவிடும். விமர்சகர்களும் ரசிகர்களும் சேர்ந்து கொண்டாடும் காட்சி. வீட்டில் பெரியவர்கள் முழித்திருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது சீசனை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அதில் மக்னல்டி செய்கிற ஒரு பித்தலாட்டம் நம்பும்படி இல்லை என்பது ரசிகர்களின் பழைய குறை. எனக்கும் அது உறுத்தியது. இருந்தாலும் விடாதீர்கள், வெறும் 10 எபிசோட்தான். நாளிதழ் அலுவலகத்தில் நேர்மையான செய்தி ஆசிரியராக வரும் கிளார்க் ஜான்சன்தான் தி வயரின் முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் இயக்கியவர். அதை முடித்துவிட்டு ஹோமிசைடுக்குப் போனால் அவரை முதல் காட்சியிலேயே பார்ப்பீர்கள், பல வருடம் இளையவராக. ராத்திரி நேரம், ஒரு சந்து. கூட்டாளியோடு தரையில் எதையோ தேடிக்கொண்டிருப்பார், இந்தச் சனியன் மட்டும் கிடைத்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று புலம்பியபடி.